ஒரே ரேக்கில் இரண்டு லோடு

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அவரை எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை எந்தக் கல்லூரியும் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லோடு இறக்க வந்தவர், இயந்திரங்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவதைப் பார்த்து, கூட வேலை செய்தவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. அவர் அந்தக் கேலியை அப்படியே வாங்கி, தூசி தட்டி, பட்டமாகவே மாட்டிக்கொண்டார். கேலி செய்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

தானாக ஏறி வந்தவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஏணி பிடிக்க ஆள் இருந்தவர்களுக்கு அந்த நடை புரியாது. இன்ஜினியர் அப்படி நடக்கிற ஆள். கம்பளித் தொப்பியோடு குளிர் அறைகளில் பெட்டி அடுக்கினார். பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கம்ப்ரஸரின் சத்தத்தைக் கேட்டே எந்த அறையில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சொல்கிற அளவுக்கு வந்தார். அப்போதுதான் கிடங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வைத்துவிட்டுப் போனவன் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் அதைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தூர நின்றே பார்த்தார்கள். உறையைக் கழற்றியது இன்ஜினியர்தான். எத்தனையோ தடவை கெடுத்தார். கெடுத்ததை யாருக்கும் தெரியாமல் சரி செய்தார். கெடுத்துக் கெடுத்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

எந்த ரேக் காலி, எதில் யாருடைய சரக்கு என்று சொல்கிற புரோகிராம் அவர் கையால் எழுதியது. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

முதலில் எழுதியது நத்தை. ஒரு லாரி வந்து இடம் கேட்டால், ரேக் விவரம் இருக்கிற கோப்பு முழுவதையும் தலை முதல் வால் வரை டிஸ்கிலிருந்து மெமரிக்கு இழுத்து வந்து தேடும். அதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டிவிடுவார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தில் மெமரி மேப்பிங் என்று ஒரு வித்தையைப் படித்தார். கோப்பை இழுத்து வராதே. 'இந்தக் கோப்பு என் மெமரியில் இந்த இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் ஒரு வார்த்தை சொல். அது சரி என்று தலையாட்டிவிட்டு, ஒன்றையும் கொண்டுவராமல் சும்மா இருக்கும். நீ கோப்பில் எந்தப் பக்கத்தைத் தொடுகிறாயோ, தொட்ட பிறகுதான் ஓடிப்போய் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வந்து வைக்கும்.

இன்ஜினியர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். கிடங்கு நடப்பதே அப்படித்தானே? சரக்குக்காரர் வந்தால், "உங்க பொருள் மொத்தமும் இருக்கு" என்று சொல்கிறோம். மொத்தத்தையும் வாசலிலா கொட்டி வைத்திருக்கிறோம்? அவர் கேட்ட பெட்டியை மட்டும் ஃபோர்க்லிஃப்ட் போய் எடுத்து வருகிறது. அவருக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத்தான் தோன்றும். "நான் இத்தனை வருஷமா கையால பண்ணினதை எவனோ கம்ப்யூட்டருக்குள்ள பண்ணியிருக்கான்" என்று அன்று வீட்டில் சொன்னார்.

"அவன்கிட்ட போய்ச் சண்டை போடுங்க" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு திரை, கேட்ட மாத்திரத்தில் பதில் சொன்னது. வருஷங்கள் ஓடின. ஒரு குறையும் வரவில்லை.

குறை வந்தது தெற்கு வாசல் திறந்த பிறகு. சரக்கு பெருகியதால் பின்பக்கச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார்கள். அங்கேயும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை. இரண்டு வாசலின் புரோகிராமும் அதே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும், அதே ஒரு கோப்பைத்தான் பார்க்கும். வடக்கு வாசலில் டெலிபோன் என்று பெயர் எடுத்த பெண் இருந்தாள். குரல் அப்படி. தெற்கு வாசலுக்கு இன்ஜினியர் தன் மச்சானைக் கொண்டுவந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஆயுள் முழுக்க லாரி ஓட்டி, முதுகுத் தண்டு தேய்ந்து போனவர். தூக்க முடியாது, குனிய முடியாது, நீண்ட நேரம் நிற்க முடியாது. அக்காள் வீட்டின் பின்னறையில் சும்மா படுத்திருந்த காலத்தில், சாப்பாட்டுத் தட்டை வாங்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெற்கு வாசல் நாற்காலி கிடைத்ததும் ஆளே மாறிவிட்டார். முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், வருகிற லாரிக்காரர்களோடு அரட்டை. அவரால் செய்ய முடிந்த வேலை உலகத்திலேயே அது ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும், அக்காளுக்கும் தெரியும்.

வடக்கு வாசலுக்கு முதல் அறையிலிருந்து காலி இடம் கொடுக்கும்படியும், தெற்கு வாசலுக்குக் கடைசி அறையிலிருந்து கொடுக்கும்படியும் இன்ஜினியர் புரோகிராமை மாற்றியிருந்தார். சரக்கு குறைவாக இருந்த மாதங்களில் ஒருவர் வழியில் ஒருவர் வரவே இல்லை. அறுவடை வந்தது. இரண்டு பக்கமும் நிரம்பி, இரண்டு வாசலும் நடு அறையில் வந்து சந்தித்தன. அங்கேதான் தொடங்கியது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பெட்டிகளோடு போய்ப் பார்த்தால், சொன்ன ரேக்கில் ஏற்கெனவே வேறு ஒருவருடைய சரக்கு இருக்கும். திரும்பி வருவார். புது இடம் கேட்பார். அடுத்த நாளும் அப்படி. ஒருநாள் அந்தக் குழப்பத்தில் ஒரு திராட்சை லோடு வெளித்தளத்திலேயே வெயிலில் நின்று, பாதி வீணாகிப் போனது.

முதலாளியம்மா சத்தம் போடாத மனுஷி. அதுதான் அவரிடம் பயம். இன்ஜினியரைக் கூப்பிட்டு, "புரோகிராம்ல கோளாறா?" என்று கேட்டார்.

"என் புரோகிராம்லயா?" இன்ஜினியர் சிரித்தேவிட்டார். "காலையில வந்து பாருங்க, திரையில எல்லாம் சரியா இருக்கும். புரோகிராம் தப்புன்னா காலையிலயும் தப்பாதானே இருக்கணும்? புரோகிராம் ஒரு ரேக் சொல்லும். அதை ஒத்துக்கிட்டு என்டர் தட்டலாம், இல்ல வேற நம்பரை நாமளே அடிக்கலாம். விரல் தடுக்கியிருக்கு, அவ்வளவுதான்."

"யார் விரல்?"

இன்ஜினியர் தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெயர் சொல்லத் தேவை இல்லை. தெற்கு வாசல் வருவதற்கு முன்னால் இந்தத் தொல்லை இருந்ததில்லையே. மச்சானின் விரல்கள் ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்கள். முதலாளியம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொன்னார்: "இந்த வாரத்தோட அவரை நிறுத்திக்கலாம். உங்க சொந்தக்காரர்னு பார்க்க முடியாது."

வீட்டில் அன்று சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை. மச்சான் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை.

"நான் என்டரைத் தவிர எதையும் தொடலன்னு தம்பி சொல்றான்" என்றாள் மனைவி.

"தப்பு பண்ணவன் எவன் நான்தான் பண்ணேன்னு சொல்லியிருக்கான்?"

"நீங்ககூடத்தான் சொன்னதில்ல."

"நான் பண்ணாதானே சொல்றதுக்கு!"

அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். வைத்த விதத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது என்று தெரிந்தது. "நாளைக்கு அவன் சீட்ல நீங்க உக்காருங்க. நீங்க உக்காந்து ஒரு தப்பும் வரலன்னா, அவன் கையைப் பிடிச்சு நானே வீட்டுக்குக் கூட்டிட்டு வரேன். வந்துச்சுன்னா என்ன பண்றதுன்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

மறுநாள் இன்ஜினியர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தெற்கு வாசலுக்குப் போனார். தலையணையை எடுத்து ஓரமாக வைத்தார். மச்சானைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, "பாத்துக்க. ஒரு விரல், ஒரு தட்டு. பியானோ வாசிக்கிற மாதிரி" என்றார்.

"நீங்க பியானோ வாசிச்சு நான் கேட்டதில்லையே, அத்தான்."

"எதிர்த்துப் பேசத் தெரியுது, என்டர் தட்டத் தெரியல."

லாரிகள் வந்தன. இன்ஜினியர் ஒவ்வொன்றுக்கும் திரை சொன்ன ரேக்கை ஒத்துக்கொண்டு என்டர் தட்டினார். தட்டும்போதெல்லாம் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். ஆப்பிள் லோடு ஒன்றுக்கு நடு அறையில் மேல் வரிசையில் ஒரு ரேக்கைத் திரை சொன்னது. தட்டினார். ஃபோர்க்லிஃப்ட் உறுமிக்கொண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் அதே பெட்டிகளோடு திரும்பி வந்தது. ஓட்டுநர் இறங்கவே இல்லை, மேலே இருந்தபடியே கையை விரித்தார்.

"இன்ஜினியர், நீங்க சொன்ன இடத்துல வெண்ணெய் உக்காந்திருக்கு. எழுந்துக்கச் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

இன்ஜினியர் திரையைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

மச்சான் ஸ்டூலில் இருந்து கழுத்தை நீட்டி அந்த விரலை அவரும் பார்த்தார். "உங்க விரலும் கொஞ்சம் தடிச்சுதான் இருக்கு, அத்தான்."

வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு ஒரு மணி நேரம் பதில் வந்திருக்கும். அன்று இன்ஜினியர் ஃபோனை எடுத்து வடக்கு வாசலைக் கூப்பிட்டார்.

"நடு அறை, மேல் வரிசை, மூணாவது ரேக். உன் திரை என்ன சொல்லுது?"

"வெண்ணெய்" என்றாள் டெலிபோன். "நான்தான் போட்டேன். ஏன், உருகிடுச்சா?"

இன்ஜினியரின் திரையில் அதே ரேக்கில் ஆப்பிள் என்று இருந்தது.

"நாலாவது ரேக்?"

"காலி."

இன்ஜினியர் நாலாவது ரேக்கில் சும்மா ஒரு பதிவு போட்டார். "இப்ப?"

"காலி."

"நல்லா பாரு."

"காலின்னா காலிதான், இன்ஜினியர். இதுல நல்லா பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"திரையை மறுபடியும் வரவழைச்சுப் பாரு."

"வரவழைச்சேன். வந்து, காலின்னு சொல்லிட்டு நிக்குது. உக்காரச் சொல்லவா?"

ஃபோனை வைத்துவிட்டு இன்ஜினியர் வெளியே போய் ஒரு கவிழ்ந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். குளிர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை அவர் காலைச் சுற்றிப் போனது. ஒரே கம்ப்யூட்டர். ஒரே கோப்பு. இங்கே எழுதியது அங்கே தெரியவில்லை. கோப்பில் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால்?

அப்போதுதான் அவருக்கு அந்தத் தடித்த புத்தகம் ஞாபகம் வந்தது.

மெமரி மேப்பிங்கில் இரண்டு வழி உண்டு. ஷேர்ட், அதாவது பொது, என்று சொன்னால், நீ எழுதுவது மூலப் பக்கத்திலேயே விழும். அதே கோப்பைப் பார்க்கிற எல்லோருக்கும் உடனே தெரியும். டிஸ்குக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன் சௌகரியம்போல் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிரைவேட், அதாவது தனி, என்று சொன்னால், நீ ஒரு பக்கத்தில் எழுதக் கை வைத்த உடனே, சத்தமில்லாமல் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து உன் கையில் கொடுத்துவிடும். நீ நகலில் எழுதிக்கொண்டிருப்பாய். மூலத்தில் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பாய். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இன்ஜினியர் போட்டிருந்தது பிரைவேட். தெரியாமல் போடவில்லை, தெரிந்தேதான் போட்டார். பழைய நாளில் கெடுத்துக் கெடுத்துக் கற்றவருக்கு மூலக் கோப்பின்மேல் பகல் முழுக்கக் கை வைக்கப் பயம். மூலம் பத்திரமாக இருக்கட்டும், நகலில் வேலை நடக்கட்டும், பகலில் போட்டதெல்லாம் வரிவரியாக வேறொரு கோப்பில் சேரட்டும், விடிந்ததும் ஒரு சின்ன புரோகிராம் அதைப் பார்த்து மூலத்தைத் திருத்தட்டும் என்று ஏற்பாடு. அதனால்தான் காலையில் எப்போதும் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வாசல் இருந்தவரை அது புத்திசாலித்தனம். இரண்டாவது வாசல் வந்த அன்றே, இரண்டு பேரும் ஆளுக்கொரு நடு அறையைக் கையில் வைத்துக்கொண்டு, காலி காலி என்று சரக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

மதிய இடைவேளையில் இரண்டு வாசலையும் நிறுத்தினார். காலையில் ஓடும் சின்ன புரோகிராமை ஒருமுறை ஓடவிட்டு மூலத்தைச் சரிசெய்தார். பிரைவேட்டை எடுத்துவிட்டு ஷேர்ட் போட்டார். இரண்டு வாசலும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பிடித்துவிடாதபடி, ஒருவர் எழுதும்போது மற்றவர் பொறுத்திருக்க ஒரு பூட்டும் வைத்தார். வடக்கு வாசலில் போட்டது தெற்கில் தெரிந்தது. தெற்கில் போட்டது வடக்கில் தெரிந்தது. மச்சான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று இன்ஜினியர் அவருக்கு முழுசாகச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் புரோகிராமைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவரால் நிறுத்த முடியாது.

சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த கவலை வந்தது. முதலாளியம்மாவிடம் என்ன சொல்வது?

அலுவலக மாடிப்படியில் ஏறும்போது குரலைத் தாழ்த்தினார். "மச்சான், நம்பரைக் கையால அடிக்க முடியாதபடி பூட்டு போட்டுட்டேன், இனிமே விரல் தடுக்காதுன்னு சொல்லப் போறேன். நீ தலையை மட்டும் ஆட்டு. உன் சீட்டுக்கு நான் பொறுப்பு."

மச்சான் ஒரு படியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "சீட் இருந்தா போதும், அத்தான். ஆட்டறேன்."

முதலாளியம்மா கேட்டுக்கொண்டார். இன்ஜினியர் பூட்டைப் பற்றி நன்றாகவே பேசினார். பேசி முடித்ததும் முதலாளியம்மா மச்சானைப் பார்த்து, "அப்ப உங்க விரல்தான் காரணம், இல்லையா?" என்றார்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். தட்டை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, அந்த முகம்.

"இவ்வளவு சின்ன தப்புக்கா இத்தனை அலைச்சல்?" என்று முதலாளியம்மா பேனாவை எடுத்தார்.

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. எது பொறுக்கவில்லை என்று கேட்டால் அவரே சொல்லமாட்டார்.

"சின்ன தப்பா?" என்றார். குரல் தானாக ஏறிவிட்டது. "அம்மா, விரல் தடுக்கறது சின்ன தப்பு. அதை யார் வேணும்னாலும் பண்ணலாம். இது அப்படிப்பட்ட தப்பில்ல. இவர் என்டரைத் தவிர எதையும் தொடல. மூலத்தைக் காப்பாத்தணும்னு ஆளுக்கொரு நகல் கொடுத்தது நான். இந்தக் கிடங்குல இப்படி ஒரு தப்பைப் பண்ற அளவுக்கு வேற யாருக்கு விஷயம் தெரியும்? சொல்லுங்க பாப்போம்! இது முழுக்க என் தப்பு. என் சொந்தத் தப்பு."

முதலாளியம்மாவின் உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"பூட்டு?"

"அதுவும் நான்தான். அது சரியான பூட்டு. ஆனா விரலுக்கில்ல."

"அப்ப தெற்கு வாசல்ல அவரே இருக்கட்டும்." பேனாவை மூடினார். "திராட்சைக்காரர்கிட்ட யார் பேசறது?"

"நான்தான் பேசணும்."

"பேசுங்க. ஒண்ணு மட்டும். புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு அவர்கிட்ட விளக்காதீங்க. திராட்சை போன மனுஷனுக்கு அது ருசிக்காது."

வெளியே வந்ததும் மச்சான் படியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தான் ஆட்டிட்டேனே, அத்தான். அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"நீ ஆட்டின லட்சணம் சரியில்ல."

"தலையை எப்படி ஆட்டறதுன்னு அதுக்கும் புத்தகம் இருக்கா?"

"இருக்கு. நான் எழுதல, அவ்வளவுதான்." இன்ஜினியர் இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பவில்லை. "உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது. போ. வண்டி நிக்குது."

மச்சான் சுவரைப் பிடித்தபடி படி இறங்கினார். இன்ஜினியர் மறுபடியும் மேலே ஏறி, அலுவலக ஃபோனை எடுத்துத் திராட்சைக்காரரைக் கூப்பிட்டு, எதிர்முனையில் எடுக்கிற வரைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கீழே தெற்கு வாசலில் ஒரு லாரி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மச்சான் அதற்குக் கை காட்டியபடி தன் நாற்காலியை நோக்கி நடந்தார். அவசரமே இல்லை. நாளைக்கும் அங்கேதான் உட்காரப் போகிறவருக்கு என்ன அவசரம்?